மலையகத்தில் இருந்துகொண்டு தன்பாலீர்ப்புக் கதையைக் கிராஃபிக் நாவலாக வெளியிட முடியுமா?

கேள்விக்குக் கீழே நீங்கள் எழுதியிருக்கும் விளக்கத்தையும் படித்தேன். நண்பியோடு சேர்ந்து 120 பக்கம், முழுக்கக் கலரில் வரைந்து முடித்துவிட்டீர்கள். இரண்டு பெண்களின் கதை. நுவரெலியா மாவட்டம். எங்கே அச்சடிப்பது, அடித்தால் யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது என்று கேட்கிறீர்கள். பெயரை மறைத்திருப்பதால் வீட்டுக்குத் தெரியாது என்று எடுத்துக்கொள்கிறேன். தப்பாக இருந்தால் மன்னிக்கவும்.

முடியும். நான் செய்திருக்கிறேன். 24 பக்கம், கறுப்பு வெள்ளை, 60 பிரதி. இதைப் பெருமையில் சொல்கிறேனா வயிற்றெரிச்சலில் சொல்கிறேனா என்று எனக்கே சரியாகத் தெரியாது. இரண்டும் இருக்கும்.

ஹட்டனில் ஒரு கொமினிகேஷனில் வேலை செய்கிறேன். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: போட்டோகொப்பி, ரீலோட், கலியாணக் கார்ட், ஐடென்டிட்டி கார்ட் ஃபோர்ம் எல்லாம் ஒரே இடத்தில் நடக்கும் கடை. பிறந்து வளர்ந்தது பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். எங்கள் டிவிசனில் மாசி மாதம் காமன் கூத்து விடாமல் நடக்கும். சிவன் காமனை எரிப்பதும், அவன் மனைவி ரதி அழுவதும்தான் கதை. ரதிக்கு ஆண்பிள்ளைதான் வேஷம் கட்டும். 17 வயதில் தொடங்கி மூன்று வருஷம் நான்தான் ரதி. என் கதையும் அதுதான்: ரதி கட்டும் பையன், காமன் கட்டும் பையன், கூத்து முடிந்த பிறகு அவர்களுக்குள் நடப்பது.

இதைப் படித்ததும் கூத்தைக் கேவலப்படுத்துகிறான் என்று சிலர் கிளம்புவார்கள். முன்பே கிளம்பியும் இருக்கிறார்கள். ஐயா, ரதி கட்டினதால் நான் இப்படி ஆகவில்லை. எனக்கு முன்னால் ரதி கட்டிய மாமாக்களுக்கெல்லாம் நாலு, ஐந்து பிள்ளைகள். நான் முன்பே இப்படித்தான். சேலை கட்டிக்கொண்டு ஊர் முன்னால் நின்று ஒப்பாரி வைத்து அழுதாலும் யாரும் ஏன் என்று கேட்காத இடம் எனக்கு அது ஒன்றுதான் கிடைத்தது. அந்தக் கூத்தை நான் ஏன் கேவலப்படுத்தப் போகிறேன்?

சரி, சட்டத்தை முதலில் முடித்துவிடுகிறேன், எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டினது. அதில் தன்பாலுறவைக் குற்றமாக்கும் 365, 365அ பிரிவுகள் இன்னும் இருக்கின்றன. 1995இல் திருத்தியபோது பெண்களும் அதற்குள் வரும்படி ஆக்கிவிட்டார்கள். 2023இல் இவற்றை மாற்ற ஒரு தனிநபர் சட்டமூலம் வந்தது. அது அரசியலமைப்புக்கு முரண் இல்லை என்று உயர் நீதிமன்றமும் சொன்னது. ஆனாலும் இதை எழுதும்வரை சட்டம் மாறவில்லை. அந்தப் பிரிவுகள் செயலைப் பற்றியவை, படம் வரைவதைப் பற்றியவை அல்ல. படத்துக்கு வேறு வழியில் வருவார்கள். 1927ஆம் ஆண்டு ஆபாச வெளியீடுகள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அதைவிட எனக்குப் பயம் தந்தது, மத வெறுப்பைத் தூண்டுவதைக் குற்றமாக்கும் 2007ஆம் ஆண்டின் ஐசிசிபிஆர் சட்டம். 2019 ஏப்ரலில் சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமாரவை அந்தச் சட்டத்தில்தான் பிடித்தார்கள். முகநூலில் போட்ட ஒரு சிறுகதை. பிக்குகளைப் பற்றிய கதையில் தன்பாலுறவு மறைமுகமாக வருகிறது என்று முறைப்பாடு. நாலு மாதம் உள்ளே இருந்தார். வழக்கில் இருந்து விடுபட 2021 ஆனது. அவரைப் பிடித்த மாதம் நான் ஒன்பதாம் பக்கத்தில் இருந்தேன். பேனாவை வைத்துவிட்டு ஒரு மாதம் தொடவில்லை. பிறகு ஒரு முடிவுக்கு வந்தேன்: கோயில், பூசாரி, சாமி மூன்றையும் கதையில் நடுவுக்குக் கொண்டுவருவதில்லை. கோழைத்தனம் என்று யாராவது சொன்னால் சொல்லட்டும், சம்பளத்தை நம்பி வீட்டில் ஆள் இருக்கிறது.

அச்சுக்கு வருகிறேன். ஓஃப்செட்டில் சில நூறு பிரதி அடித்தால்தான் கட்டும். கலர் என்றால் கேட்கவே வேண்டாம். 2022இல் கடதாசி இல்லாமல் பத்திரிகைகளே சனிக்கிழமைப் பதிப்பை நிறுத்தின. அதற்குப் பிறகு விலை பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. அதனால் கொப்பி மெஷின். ஏ4 தாளை நடுவில் மடித்தால் ஏ5 புத்தகம். 24 பக்கத்துக்கு ஆறு தாள். எந்தப் பக்கத்துக்குப் பக்கத்தில் எது வரும் என்று குழம்பாதீர்கள். ஒரே முகத்தில் வரும் இரண்டு பக்கத்தையும் கூட்டினால் 25 வரவேண்டும்: 24ம் 1ம், 2ம் 23ம், இப்படியே. மெஷினுக்குச் சாம்பல் நிறம் பிடிக்காது, பெரிய கறுப்பும் பிடிக்காது, திட்டுத்திட்டாக வெளுக்கும். காமன் கூத்து முழுக்க ராத்திரி. 24 பக்க ராத்திரியையும் மெல்லிய கோடுகளாலேயே போட்டேன். கண் போய்விட்டது.

2020 மாசி. முதலாளி போன பிறகு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அடித்தேன். நாற்பதாவது பிரதியில் தாள் சிக்கியது. ஐந்து தரம் மூடியைத் திறந்து பார்த்தும் கிடைக்கவில்லை. வேறு மெஷினில் மீதியை முடித்துவிட்டுக் காலையில் வந்தால், முதலாளி கையில் அந்தத் தாள். உருளைக்குள் இருந்து உருவியிருக்கிறார். விசிறி மாதிரி மடிந்து, ஓரம் கருகி. ஒரு பாதியில் 11ஆம் பக்கம், மறுபாதியில் 14. பதினாலில், விடிகாலையில் இரண்டு பேரும் தண்ணீர் விழும் பீலியடியில் நிற்பார்கள். காமன் கட்டியவன் உள்ளங்கையில் தேங்காயெண்ணெய் எடுத்து ரதியின் முகத்தில் இருக்கும் முத்துவெள்ளைப் பூச்சைத் துடைத்துவிடுவான். கன்னத்தில் ஒரு பாதி வெள்ளை, மறுபாதி பையனுடைய சொந்த நிறம். மற்றப் பக்கங்களில் இல்லாத நெருக்கம் அந்தப் படத்தில் இருக்கும். பார்த்தால் எவருக்கும் விளங்கும்.

முதலாளி தாளைக் கண்ணாடி மேசையில் வைத்து இரண்டு கையாலும் நீவினார். அவரும் தோட்டத்து ஆள்தான். இளவட்டத்தில் கூத்துக்குத் தப்பு அடித்தவர். ரொம்ப நேரம் பார்த்தார்.

"தம்பி, மூக்குத்தியை இடது பக்கம் போட்டிருக்கியே. எங்க தோட்டத்துல ரதிக்கு வலது பக்கந்தான்."

அவ்வளவுதான். மாதக் கடைசியில் டோனருக்கும் தாளுக்கும் என்று 2,500 ரூபாய் பிடித்துக்கொண்டார். அது நியாயம்தான். மற்ற விஷயத்தைப் பற்றி அன்றும் கேட்கவில்லை, இன்றுவரைக்கும் கேட்கவில்லை. இரண்டாவது புத்தகத்தில் மூக்குத்தி வலது பக்கம்.

இப்போது அட்டை. இதில்தான் என்னோடு நிறையப் பேர் சண்டை பிடித்தார்கள். அட்டையில் காமன் கம்பத்தை மட்டும் வரைந்தேன். வானவில் கிடையாது, இரண்டு முகம் சேர்ந்த படம் கிடையாது. கொழும்பில் ஒரு நிகழ்ச்சிக்குக் கொண்டுபோனபோது ஓர் அக்கா, "மூடி மறைத்து விற்கிறீர்களே, இதுவும் ஓர் அலமாரிதானே" என்று கேட்டார். தன்னை மறைத்து வாழ்வதை ஆங்கிலத்தில் அலமாரிக்குள் இருப்பது என்பார்கள். அக்கா, உங்களிடம் அலமாரி இருக்கிறது. லயக் காம்பராவில், தோட்டத்து வரிசை வீட்டின் ஓர் அறையில், ஐந்து பேர் படுக்கிறோம். தலையணைக்கு அடியில் இருப்பது தங்கச்சிக்கும் தெரியும், அரிசி டின்னுக்குப் பின்னால் இருப்பது ஆத்தாவுக்கும் தெரியும். கூத்துப் புத்தகம் என்றால் மேசையிலேயே கிடக்கும். அந்த நிகழ்ச்சியில் 14 பிரதி போனது. அதில் பாதிக்கு மேல் தமிழ் வாசிக்கத் தெரியாதவர்கள், படம் அழகாக இருக்கிறது என்று வாங்கினார்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை, 150 ரூபாய் 150 ரூபாய்தான்.

உண்மையில் வாசித்தவர்கள் வேறு ஆட்கள். வெள்ளவத்தை, புறக்கோட்டைக் கடைகளில் வேலை செய்துவிட்டு மாடியில் நாலைந்து பேராகப் படுக்கும் எங்கள் ஊர்ப் பையன்கள். கூட்டாளி ஒருவன் பத்துப் பிரதி கொண்டுபோனான். ஒன்று ஆறு கை மாறியதாகச் சொன்னான். நான் முகநூலில் "பால்புதுமையர் (குயர்) சித்திரக்கதை" என்று போட்டபோது ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. நல்ல சொல்தான், குறை சொல்லவில்லை. தமிழ்நாட்டு அரசே 2022இல் இதற்கெல்லாம் சொற்பட்டியல் வெளியிட்டது. ஆனால் எங்கள் பக்கம் அந்தச் சொல்லைக் கேட்டவர்கள் குறைவு. இருக்கும் சொல்லெல்லாம் அடிக்கிற சொல். "காமன் கூத்துல ரதி கட்டுற பையன் கதை" என்று மாற்றிப் போட்ட அன்று ராத்திரியே இன்பொக்ஸில் ஒன்பது பேர். காசை, போனில் அனுப்பும் ஈசி கேஷில் கேட்டேன். இரண்டு பேர் ரீலோட்டாகப் போட்டுவிட்டார்கள். வெளிநாட்டு ஆட்கள் மாதிரி கிக்ஸ்டார்ட்டர் இணையத்தளத்தில் வாசகரிடம் காசு சேர்க்கலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். இலங்கையில் இருந்து அதைத் தொடங்க முடியாது. நான் பார்த்தபோது பேபாலில் காசு வாங்கவும் முடியவில்லை.

"வெளிநாட்டில் பெரிய பதிப்பகங்களே போடுகின்றனவே" என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். பெரியவர்கள் கடைசியில்தான் வந்தார்கள். அமெரிக்காவில் 1954இல் வந்த கொமிக்ஸ் ஒழுக்கக்கோவை இந்த மாதிரிக் கதையையே 1989வரை உள்ளே விடவில்லை. அங்கே ஹோவர்ட் குரூஸ் 1980இல் 'கே கொமிக்ஸ்' இதழைத் தொகுக்கத் தொடங்கியது அந்தக் கோவைக்கு வெளியே இருந்த சின்னப் பதிப்பில். அமெரிக்காவின் அலிசன் பெக்டெல் 1983இல் சின்னப் பத்திரிகைகளுக்குப் பட்டைப் படம் போடத் தொடங்கி, 'ஃபன் ஹோம்' என்ற ஊரறிந்த புத்தகம் வர 2006 ஆனது. இங்கிலாந்தின் அலிஸ் ஓஸ்மன் 'ஹார்ட்ஸ்டொப்பர்' கதையை 2016இல் இணையத்தில் சும்மா போட்டார், 2018இல் வாசகரிடம் காசு சேர்த்து அடித்தார், பதிப்பகம் அப்புறம்தான் வந்தது. இந்தியாவில் அம்ருதா பாட்டீலின் 'காரி' என்ற நூல் 2008இல் வந்தது, அதுவும் ஆங்கிலத்தில். எங்களுக்குச் சித்திரக்கதை என்றால் மாமாவின் தகரப்பெட்டியில் இருந்த சிவகாசி முத்து கொமிக்ஸ், இரும்புக்கை மாயாவி. அதில் மாயாவிக்கே காதல் கிடையாது.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்திருந்தால் தூக்கம் வராது. ஒரு சஞ்சிகை, பெயர் வேண்டாம், என் கதையில் எட்டுப் பக்கம் போடச் சம்மதித்தது. இரண்டு பையன் விஷயத்தில் ஒரு வரியைக்கூட மாற்றவில்லை, அதற்கு நன்றி. ஆனால் நான் எழுதியது "வெரசா வாடா, பீலியில தண்ணி நின்னுரும்." அச்சில் வந்தது "விரைவாக வா, குழாயில் நீர் நின்றுவிடும்." ஏன் என்று கேட்டதற்கு, வாசகருக்கு விளங்காது என்றார்கள். இரண்டு பையன்கள் காதலிக்கலாமாம், பீலியில் குளிக்கத்தான் கூடாதாம். 200 வருஷமாகப் பேசுகிற தமிழ். உங்கள் கதையைக் கொடுக்கும் முன் பேச்சுக் குமிழியைத் தொடமாட்டோம் என்று எழுத்தில் வாங்குங்கள்.

தபாலைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். தோட்டத்தில் லயத்துக்கென்று தனி விலாசம் கிடையாது. ஆள் பெயர், டிவிசன் பெயர், தோட்டத்துப் பெயர், அவ்வளவுதான். கடிதம் ஒஃபீஸுக்குப் போய், அங்கிருந்து யார் கையிலாவது வரும். பரீட்சை முடிவும் வேலைக் கடிதமும் அப்படித்தான் காணாமல் போகின்றன. இன்னொரு தோட்டத்து வாசகர் ஒருவருக்கு நான் ஒரு பிரதி அனுப்பினேன். உறை கிழிந்து, ஊசி கழன்று, பக்கம் மாறி ஒரு கிழமை கழித்து அவர் கைக்குப் போயிருக்கிறது. இடையில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று தெரியாது. "அண்ணே, புத்தகம் நல்லாருக்கு. இனி எனக்கு எதுவும் அனுப்பாதீங்க" என்று ஒரு வொய்ஸ் மெசேஜ். பிறகு என்னை பிளொக் பண்ணிவிட்டார். கெட்டிக்காரத்தனமாக அட்டையை மறைத்த எனக்கு உறையைப் பற்றி யோசிக்கத் தோன்றவில்லை. அந்தப் பையனுக்கு ஒன்றும் நடந்திருக்கக் கூடாது.

அதனால் உங்களுக்கு: 120 பக்கத்தை அப்படியே வையுங்கள், அது உங்கள் புத்தகம். அதில் தனியாக நிற்கும் ஒரு துண்டை, 16 அல்லது 24 பக்கம், கறுப்பு வெள்ளையில் மறுபடி வரையுங்கள். கலரை அப்படியே கொப்பி அடித்தால் சேறு மாதிரி வரும். போனில் காட்டுவதென்றால் பீடிஎஃப் அனுப்பாதீர்கள், அது போனிலேயே கிடக்கும், தம்பி தங்கச்சி திறக்கும். லிங்க் அனுப்புங்கள், பார்த்துவிட்டு அழித்துவிடலாம். இரண்டு பெண்கள் கதை என்பதால் என் அனுபவம் முழுக்கப் பொருந்தாது என்று தெரியும். கடைப் பையன்களைப் போல் மாடியில் கூடிப் படிக்கும் இடம் பெண்பிள்ளைகளுக்குக் குறைவு. கார்மென்ட் வேலைக்குப் போகும் பிள்ளைகள் தங்கும் போர்டிங்குகளைத்தான் யோசிக்கிறேன், அங்கே உங்கள் நண்பிக்கு ஆள் தெரியுமா?

என் புத்தகத்தில் இன்னும் நாலு பிரதி இருக்கிறது. வேண்டுமென்றால் இன்பொக்ஸில் டவுன் பெயரை மட்டும் போடுங்கள். தபாலில் போடமாட்டேன். பஸ்ஸில் யாராவது அந்தப் பக்கம் வருவார்கள், கொடுத்துவிடுகிறேன்.