கால்வலி இருக்கட்டும், சிறுநீர் என்ன நிறம்?

கேள்வி: எனக்கு வயது 56. ஜவுளிக்கடையில் விற்பனையாளராக இருக்கிறேன். போன வருடம் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். அன்று முதல் இரவில் அட்டோர்வாஸ்டாட்டின் 40 சாப்பிடுகிறேன். இரண்டு மாதமாகச் சாயங்காலமானால் இரண்டு கெண்டைக்காலும் வலிக்கிறது. மறதியும் இருக்கிறது. இந்த மாத்திரை தசையைக் கரைக்கும், சர்க்கரை வரவைக்கும், ஆராய்ச்சியெல்லாம் கம்பெனிக்காரன் காசு கொடுத்து எழுதவைத்தது என்று மைத்துனர் ஒரு வீடியோ அனுப்பினார். அதைப் பார்த்ததிலிருந்து தூக்கம் இல்லை. மாத்திரையை விட்டுவிட்டுப் பூண்டு சாப்பிடலாமா? (தொடையிடுக்கில் படர்தாமரைக்கு மருந்துக்கடையில் இட்ராகோனசோல் 200 கேப்சூல் வாங்கிப் பத்து நாளாகச் சாப்பிடுகிறேன். கால்வலிக்கு டைக்ளோஃபெனாக். மற்றபடி தொந்தரவு இல்லை.)

பதில்: அந்தக் கேப்சூலை இன்று இரவு போடாதீர்கள். டைக்ளோஃபெனாக்கையும் ஓரம் வையுங்கள். மைத்துனரைப் பிறகு கவனிப்போம்.

அடைப்புக்குறிக்குள் தள்ளிவிட்டீர்களே, அந்த வரியில்தான் எனக்கு வேலை இருக்கிறது. அட்டோர்வாஸ்டாட்டின் என்பது கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மாத்திரை. அதை உடைத்து வெளியே அனுப்புவது குடலிலும் கல்லீரலிலும் உள்ள ஒரு நொதி. இட்ராகோனசோல் அந்த நொதியை வேலை செய்ய விடாது. நீங்கள் சாப்பிடும் அதே 40, அதே 200 சேர்ந்தால் ரத்தத்தில் அட்டோர்வாஸ்டாட்டின் 3 மடங்குக்கு மேல் ஏறுகிறது என்பது மருந்தின் அதிகாரபூர்வக் குறிப்பிலேயே உள்ள கணக்கு. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தே தீரவேண்டும் என்றால் அட்டோர்வாஸ்டாட்டின் 20-ஐத் தாண்டக் கூடாது என்றும் அதில் எழுதியிருக்கிறது. கடைக்காரர் கேட்கவில்லை, நீங்கள் சொல்லவில்லை. கேப்சூலை நிறுத்தினாலும் அது உடம்பை விட்டுப் போக ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதுவரை அட்டோர்வாஸ்டாட்டினைக் குறைப்பதா, சில நாள் நிறுத்திவைப்பதா என்பதை உங்கள் இதய மருத்துவர் சொல்லட்டும். இன்றே போன் செய்யுங்கள். ரத்தம் உறையாமலிருக்க டிகாக்ரெலார் சாப்பிடுபவராக இருந்தால் அதையும் சொல்லுங்கள். இந்தக் கேப்சூலோடு அது சேரவே கூடாது.

இப்போது நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டிய ஒரே அடையாளம். தரையில் உட்கார்ந்தால் கையூன்றாமல் எழ முடியவில்லை, தலைவாரக் கையைத் தூக்கினால் சோர்ந்து விழுகிறது, தொடையும் தோளும் கனத்துப்போகின்றன, அதோடு சிறுநீர் டிகாக்‌ஷன் நிறத்தில் போகிறது என்றால் அது தசை நார்கள் உடைந்து ரத்தத்தில் கலப்பது. உடைந்த தசையின் புரதம் சிறுநீரகத்தை அடைத்துவிடும். காலை வரை பொறுப்போம் என்று படுக்காதீர்கள். அந்த மணி நேரமே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். வலி இல்லாமல் நிறம் மட்டும் இப்படி மாறினாலும் போகத்தான் வேண்டும். பி காம்ப்ளெக்ஸ் போட்டால் வரும் பளிச் மஞ்சளுக்கு ஓட வேண்டியதில்லை. ஸ்டாட்டின் சாப்பிடுபவர்களில் வருடத்துக்கு 10,000 பேரில் ஒருவருக்குக்கூட இது வருவதில்லை. வருகிறவர்களில் பலருக்கு நடுவில் இன்னொரு மருந்து நுழைந்திருக்கும். அதனால்தான் உங்களை விரட்டுகிறேன்.

நாளைக் காலை லேபில் தசைச் சேதத்துக்கு சி.பி.கே., சிறுநீரகத்துக்குக் கிரியாட்டினின், தைராய்டுக்கு டி.எஸ்.எச். கொடுங்கள். சி.பி.கே. கொஞ்சம் கூடியிருந்தால் பதற வேண்டாம். முந்தைய நாள் மூட்டை தூக்கினாலோ இடுப்பில் ஊசி போட்டாலோகூட ஏறும். வழக்கமான மேல் அளவைப் போலப் பத்து மடங்கு என்றால் அவசரம். அதற்குக் கீழே என்றாலும் எண்ணை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

டைக்ளோஃபெனாக்கைப் பற்றி ஒரு வார்த்தை. இதய ரத்தக் குழாய் அடைப்பு உள்ளவர்கள் இதைச் சாப்பிடக் கூடாது என்று 2013-லேயே ஐரோப்பிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு அறிவித்துவிட்டது. ஸ்டென்ட் வைத்த நீங்கள் அதை மிட்டாய் போல வாங்கிப் போட்டுக்கொண்டு, மாரடைப்பைத் தடுக்கிற மாத்திரையைக் கண்டு தூக்கம் இழக்கிறீர்கள்.

சரி, மைத்துனரின் வீடியோ. தசைச் சிதைவை மூடி மறைத்தார்கள் என்கிறாராம். 2001 ஆகஸ்டில் பேயர் நிறுவனம் செரிவாஸ்டாட்டின் என்ற இன்னொரு ஸ்டாட்டினை விற்பனையிலிருந்து திரும்பப் பெற்றது. தசைச் சிதைவால் 52 மரணங்கள் பதிவாகியிருந்தன. இறந்தவர்களில் பலர் ஜெம்ஃபைப்ரோசில் என்ற இன்னொரு கொழுப்பு மருந்தையும் சேர்த்துச் சாப்பிட்டவர்கள். மூடி மறைத்த விஷயமல்ல, பாடப்புத்தகத்தில் உள்ள விஷயம்.

கம்பெனி காசு என்பது உண்மைதான். 1994-ல் வெளிவந்த ஸ்காண்டிநேவிய ஆய்வுக்குப் பணம் கொடுத்தது சிம்வாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டினைத் தயாரித்த மெர்க் நிறுவனம். நெஞ்சுவலியோ மாரடைப்போ வந்த 4,444 பேரைச் சுமார் 5 ஆண்டுகள் தொடர்ந்தார்கள். மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 256 பேர் இறந்தார்கள். மருந்து சாப்பிட்டவர்களில் 182 பேர். வலியைக் கூட்டிக் குறைத்து எழுதலாம், செத்தவரை உயிரோடிருப்பதாக எழுத முடியாது. அந்த 4,444 பேரும் உங்களைப் போன்றவர்கள் என்பதைக் கவனியுங்கள். மாரடைப்பே வராத, 30 வயதுக்காரருக்கு வேண்டுமா என்று கேட்டால் நானே யோசித்துத்தான் பதில் சொல்வேன்.

கம்பெனிக் காசில்லாத ஆய்வு வேண்டுமா? பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷன் பணத்தில் லண்டன் இம்பீரியல் கல்லூரிக்காரர்கள் ஒன்று செய்து 2020-ல் வெளியிட்டார்கள். பக்கவிளைவு தாங்காமல் ஸ்டாட்டினை விட்ட 60 பேருக்கு ஆளுக்குப் பன்னிரண்டு டப்பா, மாதம் ஒன்று. நாலில் அட்டோர்வாஸ்டாட்டின், நாலில் வெற்று மாத்திரை, நாலு காலி. தினமும் தொந்தரவுக்கு நூற்றுக்கு மதிப்பெண் போடச் சொன்னார்கள். காலி டப்பா மாதங்களில் சராசரி 8. மருந்து மாதங்களில் 16.3. வெற்று மாத்திரை மாதங்களில் 15.4! மாத்திரை விழுங்குகிறோம் என்ற நினைப்பே பெரும்பகுதி வலியைக் கொண்டுவந்திருக்கிறது. வலி பொய் என்று சொல்லவில்லை, அவர்களுக்கு வலித்தது. கணக்கைக் காட்டியபின் அவர்களில் பாதிப்பேர் மாத்திரைக்குத் திரும்பினார்கள்.

உங்களுக்கு வலி வந்தது வீடியோவுக்கு முன்பா பின்பா? கடிதத்தில் அது இல்லை. நாள் முழுக்க நின்றபடி புடவை பிரித்துப்போடுபவருக்குச் சாயங்காலம் கெண்டைக்கால் வலிப்பதில் எனக்கு ஆச்சரியமும் இல்லை. (கடை ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டம் போட்டாயிற்று. முதலாளிக்கு நினைவூட்டலாம்.) ஆனால் நடந்தால் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்து, நின்றால் விட்டுவிடுகிறது என்றால் அது கால் ரத்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். அதை மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள்.

சர்க்கரை: 255 பேர் 4 ஆண்டு சாப்பிட்டால் ஒருவருக்குக் கூடுதலாக வருகிறது. வந்தால் பார்த்துக்கொள்ளலாம். மறதி: தூங்குங்கள்.

பூண்டு: ஸ்டான்ஃபோர்டில் 192 பேருக்கு ஆறு மாதம் பச்சைப் பூண்டும் பூண்டு மாத்திரையும் கொடுத்துப் பார்த்து 2007-ல் வெளியிட்டார்கள். கெட்ட கொழுப்பு அசையவில்லை. ரசத்தில் போடுங்கள், நன்றாக இருக்கும். இயற்கையானதுதான் வேண்டும் என்று மைத்துனர் அடம்பிடித்தால், முதல் ஸ்டாட்டினை ஜப்பானின் அகிரா எண்டோ 1973-ல் ஒரு பூஞ்சையிலிருந்துதான் எடுத்தார் என்று சொல்லிப் பாருங்கள்.

படர்தாமரைக்குத் தோல் மருத்துவரிடம் போங்கள், மருந்துக்கடைக்குப் போகாதீர்கள். ஸ்டீராய்டு கலந்த களிம்பை அங்கே எடுத்துக் கொடுப்பார்கள். அரிப்பு நிற்கும், படை பரவும். இதய மாத்திரைகளோடு மோதாத வேறு பூஞ்சை மருந்துகள் உண்டு. வீட்டில் உள்ள எல்லா அட்டைகளையும், இந்தக் கேப்சூல் அட்டையையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு அவர் மேஜையில் கொட்டுங்கள்.