“ஒன்றுமில்லை” என்று சொல்லிவிட்டாரே!

கேள்வி: எனக்கு 44 வயது. பாபநாசத்துக்குப் பக்கத்தில் கிராமம். ஒன்றரை வருடமாக இரண்டு கை விரல் மூட்டுகளிலும் வலி. போன மார்கழியில் வாசலில் கோலம் போட உட்கார்ந்தால் கோலப்பொடி விரலில் நிற்கவில்லை. எட்டு மணிக்கு மேல்தான் விரல் மடங்கும். ஊரிலும் கும்பகோணத்திலும் காட்டினேன், வலி மாத்திரைதான் கொடுத்தார்கள். கடைசியில் திருச்சியில் ஒரு மூட்டுவாத நிபுணரைச் சொன்னார்கள். மூன்று மாதம் கழித்துத்தான் தேதி கிடைத்தது. சம்பா நடவைக்கூட ஆளிடம் விட்டுவிட்டு வீட்டுக்காரர் கூட வந்தார். ரயிலில் வலிக்கக்கூடாதென்று விடியற்காலையிலேயே ஒரு மாத்திரை போட்டுக்கொண்டேன். மூன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். உள்ளே ஐந்து நிமிடம்கூட இல்லை. “இப்ப எப்படி இருக்கு?” என்றார், “பரவாயில்லை சார்” என்றேன். மற்றதையெல்லாம் வீட்டுக்காரர்தான் சொன்னார். ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, “ரத்தத்துல ஒண்ணுமில்லம்மா, கவலைப்படாதீங்க” என்று மாத்திரை எழுதி, ஆறு வாரம் கழித்து வரச் சொன்னார். ஜங்ஷன் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். ஒன்றுமில்லை என்றால் சந்தோஷம்தானே என்கிறார் வீட்டுக்காரர். வைத்தீஸ்வரன்கோயிலுக்குப் போயிருந்தால் எப்போதோ சரியாகியிருக்கும் என்கிறார் மாமியார். ஃபைலைத் தூக்கிக் குடமுருட்டியில் போடலாமா என்றிருக்கிறது. இனி எந்த டாக்டரிடமும் போவதாக இல்லை. நான் செய்வது தப்பா?

பதில்: அழுததில் தப்பே இல்லை. ஆனால் ஃபைலை ஆற்றில் போட்டுவிடாதீர்கள், அதில் இன்னும் வேலை இருக்கிறது.

முதலில் அந்த அழுகையைப் பற்றிப் பேசிவிடலாம். மூன்று மாதமாக உங்களிடம் ஒரு தேதி இருந்தது. வலி வந்தால், “இன்னும் இருபது நாள்தானே, பெரிய டாக்டர் பார்த்துச் சொல்லிவிடுவார்” என்று பல்லைக் கடித்துக்கொள்ள முடிந்தது. அந்த நாளும் வந்து, தினசரி காலண்டரில் அந்தத் தாளையும் கிழித்தாகிவிட்டது. இப்போது வலி இருக்கிறது, தேதி இல்லை. வலியைவிட இதுதான் உங்களைப் பிளாட்பாரத்தில் உட்கார வைத்தது என்று நினைக்கிறேன். என் அம்மாவின் காது இரைச்சலுக்கு நான்கு மாதம் காத்திருந்து ஒருவரிடம் காட்டினோம். “வயசாச்சுல்ல” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். ஊர் திரும்பும் வரை அம்மா வாயே திறக்கவில்லை. கெட்ட செய்தியாக இருந்திருந்தால்கூட ஏதாவது பேசியிருப்பாள்.

உங்கள் வீட்டுக்காரருக்கு இது புரியாமல் போனதில் ஆச்சரியமில்லை. பாவம், அவர் நடவை விட்டுவிட்டு வந்த மனுஷன். “ஒன்றுமில்லை” என்றதும் அவருக்கு மூச்சு வந்தது. உங்களுக்கோ, “உன் வலி பொய்” என்று காதில் விழுந்தது.

டாக்டர் சொன்னதை இன்னொரு தடவை பாருங்கள். “உங்களுக்கு ஒன்றுமில்லை” என்று அவர் சொல்லவில்லை, “ரத்தத்தில் ஒன்றுமில்லை” என்றுதான் சொல்லியிருக்கிறார். இரண்டும் வேறு. உங்களுக்கு, மூட்டுகளை வீங்க வைக்கும் முடக்குவாதம்தான் (ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ், சுருக்கமாக ஆர்.ஏ.) என்று நான் சொல்ல வரவில்லை, நான் டாக்டரும் இல்லை. ஒரு உதாரணத்துக்கு: முடக்குவாதம் இருக்கிறவர்களிலேயே சுமார் ஐந்தில் ஒருவருக்கு, ஆர்.ஏ. ஃபேக்டர் என்கிற அந்த ரத்தப் பரிசோதனை நார்மல் என்றுதான் வரும். எந்த நோயும் இல்லாத சிலருக்குப் பாசிட்டிவ் என்று வருவதும் உண்டு. அதனால்தான் மூட்டு டாக்டர்கள் ரிப்போர்ட்டோடு நிறுத்திக்கொள்ளாமல் விரலை அமுக்கிப் பார்க்கிறார்கள், எந்தெந்த மூட்டு, இரண்டு கையிலுமா, காலை விறைப்பு எவ்வளவு நேரம் என்று கேட்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் விட்டுவிடும் விறைப்புக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் விறைப்புக்கும் அவர்கள் கணக்கில் பெரிய வித்தியாசம்.

அப்புறம் அந்த ஆறு வாரம். நிஜமாகவே ஒன்றுமில்லை என்று நினைக்கிற டாக்டர் உங்களை ஏன் திரும்பக் கூப்பிடப்போகிறார்? மாத்திரை கொடுத்துப் பார்ப்போம், மூட்டு என்ன சொல்கிறது என்று கவனிப்போம் என்று அவர் மனதில் ஏதோ இருந்திருக்க வேண்டும். அதை வாய்விட்டுச் சொல்லாதது அவர் தப்பு, அதில் நான் அவருக்கு வக்காலத்து வாங்கப்போவதில்லை. “இன்னும் முடிவுக்கு வரலைம்மா, அடுத்த தடவை பார்த்துட்டுச் சொல்றேன்” என்பதற்குப் பத்து விநாடிகூட ஆகாது. கூட்டம் அதிகம் என்பது உண்மைதான். 67 நாடுகளின் கணக்குகளைத் தொகுத்து 2017-இல் வெளியான ஓர் ஆய்வு, இந்தியாவில் முதல்கட்ட சிகிச்சைக்குப் போகிறவரோடு டாக்டர் செலவிடும் நேரம் சராசரியாக 2 நிமிடம் என்றது. உங்களுக்கு ஐந்து நிமிடம் கிடைத்தது அதிர்ஷ்டம் என்றா சொல்ல முடியும்? மூன்று மாதம் காத்திருந்தவருக்கு அது போதாது.

ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் நம் பக்கத்துக் கோளாறும் கொஞ்சம் இருக்கிறது. கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். எனக்கு எழுதிய கடிதத்தில் கோலப்பொடியைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியில் எந்த மூட்டு, எந்த நேரம், எவ்வளவு நேரம் எல்லாமே இருக்கிறது. அதை டாக்டரிடம் சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள். அவர் கேட்டபோது “பரவாயில்லை சார்” என்றீர்கள். நம் ஊரில் யார் எப்படி இருக்கிறாய் என்று கேட்டாலும் அதுதான் வாயில் வரும், மரியாதைக்காகச் சொல்கிற வார்த்தை. ஆனால் டாக்டர் அதை அப்படியே எழுதிக்கொள்வார். விடியற்காலையில் போட்ட மாத்திரை வேறு வலியையும் விறைப்பையும் அமுக்கிவிட்டது. நல்ல புடவை கட்டி, தலை வாரி, பூ வைத்து, முகம் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த உங்களைத்தான் அவர் பதினோரு மணிக்குப் பார்த்தார். காலை ஆறு மணிக்கு வாசலில் தவித்த அந்தப் பெண்ணை அவர் பார்க்கவே இல்லை.

அந்தப் பெண்ணைத்தான் அடுத்த தடவை கூட்டிக்கொண்டு போக வேண்டும். தஞ்சாவூரில் சரபோஜி மன்னர், இருநூறு வருடம் முன்னால், கண் நோயாளிகளின் விவரங்களை எழுதி வைத்ததோடு நிற்காமல் அவர்கள் கண்ணையும் வண்ணப் படமாக வரைய வைத்தார். அந்த ஏடுகள் சரஸ்வதி மகாலில் இன்றும் இருக்கின்றன. உங்களுக்கு ஓவியர் வேண்டாம், செல்போன் போதும். விரல் வீங்கியிருக்கிற காலையில், வெளிச்சத்தில் கையைத் தரையில் வைத்து ஒரு படம். அதே இடத்தில் மத்தியானம் ஒரு படம். பிள்ளைகளின் பழைய நோட்டில் தேதி போட்டு, எத்தனை மணிக்கு விரல் மடங்கியது என்று ஒரே ஒரு வரி. துணி பிழிய முடிந்ததா, குடத்தைத் தூக்க முடிந்ததா, அதுவும் இருக்கட்டும். டாக்டர் எழுதிய மாத்திரையைச் சொன்னபடி சாப்பிடுங்கள். கைவசம் இருக்கிற பழைய வலி மாத்திரையை மட்டும் நீங்களாகத் தினமும் போடாதீர்கள், வயிற்றையும் சிறுநீரகத்தையும் அது கெடுக்கும். அடுத்த தடவை போகிற அன்று காலையில் வலி மாத்திரை போடாமல் வரலாமா என்று முன்கூட்டியே போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். இடையில் காய்ச்சலோடு ஏதாவது மூட்டு சிவந்து சூடாக வீங்கினால் ஆறு வாரம் பார்க்க வேண்டாம், உடனே போய்விடுங்கள்.

உள்ளே போனதும் முதல் வாக்கியம் முக்கியம். நோயாளி பேச ஆரம்பித்து சராசரியாக 18 விநாடியில் டாக்டர் குறுக்கே பேசிவிடுகிறார் என்று அமெரிக்காவில் 1984-இலேயே அளந்து சொல்லிவிட்டார்கள். நம் ஊர் நிலைமையை யாரும் அளந்து காட்ட வேண்டியதில்லை. அதனால் ரயில் எத்தனை மணிக்குக் கிளம்பியது, கும்பகோணத்தில் யார் என்ன சொன்னார் என்பதெல்லாம் அப்புறம். “சார், காலையில எட்டு மணி வரைக்கும் கோலப்பொடியை விரல்ல பிடிக்க முடியலை” என்று ஆரம்பியுங்கள். கிளம்புவதற்கு முன் ஒரு கேள்வி: “ரத்தத்துல இல்லைன்னா, வேற எதுவா இருக்கும்னு நினைக்கிறீங்க?” பதிலை வீட்டுக்காரர் எழுதிக்கொள்ளட்டும். அவருக்கு உள்ளே அந்த ஒரு வேலைதான், பேசுகிற வேலை உங்களுடையது.

அப்படியும் அவர் முகத்தைப் பார்க்காமல் மாத்திரை எழுதினால் வேறொருவரிடம் காட்டுவது உங்கள் உரிமை, அதற்குக் கூச்சமே வேண்டாம். திருச்சிக்கே போக வேண்டும் என்றுகூட இல்லை, தஞ்சாவூர் மெடிக்கல் ஓ.பி.யிலும் அதே நோட்டைக் காட்டலாம். ஆனால் அதற்கு முன் இவரிடம் இன்னொரு தடவை போங்கள். புது டாக்டரிடம் போனால் எல்லாம் ஆனா ஆவன்னாவிலிருந்து ஆரம்பிக்கும், இன்னொரு மூன்று மாதம் காத்திருக்கவும் நேரலாம்.

மாமியாரிடம் சண்டை வேண்டாம். வைத்தீஸ்வரன்கோயிலுக்குப் போய் உப்பும் மிளகும் போட்டுவிட்டு வாருங்கள். தையல்நாயகி குறுக்கே பேசமாட்டாள், முழுசாகக் கேட்பாள். மனசுக்கு அது வேண்டியிருக்கிறது. கோயிலுக்குப் போவதால் திருச்சிக்குப் போகக்கூடாது என்று ஒன்றுமில்லையே.

போகிற அன்று பட்டுப்புடவையெல்லாம் வேண்டாம். வளையலைக் கழற்றி வைத்துவிட்டு, கையை அவர் மேஜைமேல் நீட்டுங்கள். விரலில் மோதிரம் இருந்து அது கழலவில்லை என்றால், எந்த மாதத்திலிருந்து கழலவில்லை என்பதையும் சொல்லுங்கள்.