நிறம் தெரியாமல் டைட்ரேஷன் செய்யலாம்

கேள்வி: எங்கள் பள்ளியில் பிளஸ் ஒன் அறிவியல் பிரிவில் பார்வையற்ற மாணவி சேர்ந்திருக்கிறார். டைட்ரேஷனில் (ஒரு கரைசலை அளந்து சேர்த்து மற்றொன்றின் செறிவைக் கண்டறியும் சோதனை) பினாப்தலீன் என்ற நிறங்காட்டி நிறம் மாறுவதைப் பக்கத்து மாணவி பார்த்துச் சொன்னால் போதாதா?
– வேதியியல் ஆசிரியை, திண்டுக்கல்

பதில்: போதாது. அப்படியென்றால் சோதனையைச் செய்வது பக்கத்து மாணவிதான். இவர் எண்ணை எழுதிக்கொள்வார், அவ்வளவே. வினை முடியும் கட்டமான முடிவுநிலையை மூக்கால் பிடிக்கலாம்.

வெனிலாவுக்கு மணம் தரும் வெனிலின் ஒரு வலுக்குறைந்த அமிலம். காரக் கரைசலில் அது அயனியாகிவிடும். அயனி ஆவியாகாது, மணக்காது. அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 7.4-ஐ ஒட்டி இறங்கும்போது மறுபடி வெனிலினாகி மணம் வரும். அதனால் குடுவையில் காரம் இருக்கட்டும், அமிலத்தைச் சேருங்கள். மறையும் மணத்தைவிடத் தோன்றும் மணத்தைக் கண்டுபிடிப்பது எளிது.

0.1 நார்மல் செறிவுள்ள சோடியம் ஹைட்ராக்சைடு (காரம்) 10 மில்லியில் வெனிலா எசன்ஸ் 5 சொட்டு. எசன்ஸில் ஆல்கஹால் உண்டு. அதன் வாடை அடங்கியபின் தொடங்குங்கள். 0.1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒவ்வொரு மில்லியாக விட்டு, குலுக்கி, கையால் விசிறி முகர வேண்டும். குடுவை வாயருகே மூக்கைக் கொண்டுபோகக் கூடாது. அடுத்த சுற்றில், முதலில் மணம் வந்த அளவுக்கு 2 மில்லி குறைவாக ஒரேயடியாக விட்டு, மீதியைச் சொட்டுச் சொட்டாக விடலாம். விடாமல் முகர்ந்தால் மூக்கு மரத்துப்போய் அளவு கூடுதலாக வரும். நடுநடுவே ஜன்னலோரம் நின்று வரட்டும்.

என்.சி.இ.ஆர்.டி. 10-ஆம் வகுப்புப் பாடநூல் வெங்காயத்தையும் கிராம்பு எண்ணெயையும்கூடச் சொல்கிறது. வெங்காய வாடை அறை முழுக்கப் பரவும். அடுத்த மேசை வாடையா தன் குடுவையா என்று பிரித்தறிய முடியாது. கிராம்பு எண்ணெயில் காரத்தோடு சேராத பொருள்களும் இருப்பதால் மணம் முழுதாக அடங்காது.

அளந்து சொட்டவிடும் கண்ணாடிக் குழாயான பியூரெட்டுக்குப் பதில் 10 மில்லி சிரிஞ்ச் போதும். தண்ணீரை இழுத்து வெளியே விட்டு, தராசில் 1 கிராம், 2 கிராம் என்று எடை சரிபார்த்து, தண்டு குழாய் விளிம்பைத் தொடும் இடத்தில் முக்கோண அரத்தால் காடி (சிறு வெட்டுப்பள்ளம்) போடுங்கள். 5 மில்லிக்கு மட்டும் எதிர்ப்பக்கத்திலும் ஒரு காடி. நகம் காடியில் விழும்போது அளவு சரி. முனையை நிமிர்த்தித் தட்டிக் காற்றுக் குமிழை வெளியேற்றாவிட்டால் அளவு தவறும். 1 மில்லிக்கு எத்தனை சொட்டு என்று அதே சிரிஞ்சில் முன்பே எண்ணி வையுங்கள்.

கேள்வி: பெர்மாங்கனேட் டைட்ரேஷனுக்கு வாசனை உதவாதே?
– கல்லூரி மாணவர், கோவை

பதில்: உதவாது, அங்கே காதுதான். ஒளியை ஒலியாக்கும் கருவியை அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பார்வையற்ற மாணவர்களுக்காக உருவாக்கினார்கள். நீங்களே செய்ய எல்.டி.ஆர். (ஒளிக்கேற்ப மின்தடை மாறும் உணரி), ஒலி அதிர்வை உண்டாக்கும் 555 ஐ.சி., சிறிய ஸ்பீக்கர், 9 வோல்ட் பேட்டரி, பச்சை எல்.இ.டி. வேண்டும். பெர்மாங்கனேட் பச்சை ஒளியைத்தான் அதிகம் விழுங்கும். வெள்ளை விளக்கில் வித்தியாசம் மங்கிவிடும். குடுவையின் ஒருபுறம் எல்.இ.டி., எதிர்ப்புறம் எல்.டி.ஆர்., சுற்றிலும் கறுப்பு சார்ட். ஒளி குறைந்தால் ஸ்வரம் இறங்கும். இறங்கிய ஸ்வரம் அரை நிமிடம் நீடித்தால் முடிவுநிலை. குடுவை நகர்ந்தாலும் ஸ்வரம் மாறும் என்பதால் கையால் குலுக்காமல் காந்தக் கலக்கி வையுங்கள். பெர்மாங்கனேட்டோடு வினைபுரிய வைப்பது ஆக்சாலிக் அமிலமானால் அதை 60–70 டிகிரிக்குச் சூடாக்க வேண்டும். ஃபெரஸ் அம்மோனியம் சல்பேட்டுக்குச் சூடு தேவையில்லை. அதிலிருந்து தொடங்குங்கள்.

கேள்வி: புட்டிகளில் பிரெய்ல் தாள் ஒட்டினால் நனைந்து புள்ளிகள் அமுங்கிவிடுகின்றன.
– ஆய்வக உதவியாளர், நாகர்கோவில்

பதில்: பிளாஸ்டிக் நாடாவில் பிரெய்ல் அடியுங்கள். அதோடு அமிலப் புட்டிக்கு ஒரு ரப்பர் பேண்ட், காரத்துக்கு இரண்டு. ரப்பர் இற்றுப்போகும், மாதம் ஒருமுறை மாற்றுங்கள்.