21 கேள்விகள், மூன்று மதிப்பெண்கள்: எதைக் கவனிப்பது?

கேள்வி: மருத்துவ முகாமில் 21 கேள்விகள் உள்ள தாளை நிரப்பினேன். மனச்சோர்வு 5, பதற்றம் 9, மன அழுத்தம் 11 என்று வந்தது. எங்கள் நெல் கொள்முதல் நிலையத்தில் எடை போடாமல் கிடக்கிறது. அது முடிந்தால் மன அழுத்தம் போய்விடும்தானே?
- வாசகி, மன்னார்குடி

பதில்: முதலில் கவனிக்க வேண்டியது மன அழுத்தமல்ல, பதற்றம். நீங்கள் நிரப்பியது டாஸ்-21: ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் போட்டு மனச்சோர்வு, பதற்றம், மன அழுத்தம் மூன்றையும் தனித்தனியே கூட்டும் தாள். ஆஸ்திரேலியாவில் உருவான 42 கேள்வித் தாளின் சுருக்கம். அதனால் ஒவ்வொரு கூட்டுத்தொகையையும் இரண்டால் பெருக்க வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். பெருக்கினால் 10, 18, 22.

மூன்றுக்கும் ஒரே அளவுகோல் இல்லை. மனச்சோர்வு 9 வரை, பதற்றம் 7 வரை, மன அழுத்தம் 14 வரை இயல்பு. உங்கள் 10 லேசான மனச்சோர்வு, 22 நடுத்தர மன அழுத்தம். ஆனால் 18 கடுமையான பதற்றம்.

தாளில் 2, 4, 7, 19-ஆம் கேள்விகளை மறுபடி பாருங்கள்: வாய் உலர்தல், மூச்சுத் திணறல், நடுக்கம், படபடப்பு. மூச்சும் படபடப்பும் உழைக்காதபோது வந்ததா என்பதே கேள்வி. களத்தில் நெல் கிளறும்போது மட்டும் மூச்சு வாங்கியதற்கு மதிப்பெண் போட்டிருந்தால் 0 ஆக்கிக் கூட்டுங்கள். தைராய்டு கோளாறும் ரத்தசோகையும்கூட இதே தொந்தரவுகளைத் தரும். ரத்தப் பரிசோதனை அவசியம்.

தாள் கடந்த ஒரு வாரத்தை மட்டுமே கேட்கிறது. நெல் பணம் கைக்கு வந்து இரண்டு வாரம் கழித்து மறுபடி நிரப்புங்கள். மன அழுத்தத்தைக் காட்டும் எரிச்சலும் பரபரப்பும் இறங்கி, பதற்றம் அப்படியே நின்றால் காரணம் நெல் மட்டுமல்ல. அதுவரை மருத்துவரைத் தள்ளிப்போட வேண்டாம். இந்தத் தாள் நோயை உறுதிசெய்யாது. அதை எடுத்துக்கொண்டு திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள்.

கேள்வி: எழுதப் படிக்கத் தெரியாத அப்பாவுக்கு டாஸ்-21 தாளை நானே படித்துக்காட்டி நிரப்பலாமா?
- வாசகர், பாபநாசம்

பதில்: படிக்கலாம். ஆனால் பெற்ற பிள்ளையிடம் பல அப்பாக்கள் எல்லாவற்றுக்கும் 0 சொல்லிவிடுவார்கள். செவிலியர் ஒருவர் தனியிடத்தில் வைத்துப் படிப்பது மேல். தூக்கம், பசி, தற்கொலை எண்ணம் மூன்றையும் இந்தத் தாள் கேட்பதே இல்லை. மதிப்பெண் குறைவாக இருந்தும் அவர் சோற்றை ஒதுக்கிவிட்டு விடியுமுன் விழித்துக் கிடந்தால், தாளை நம்பி இருந்துவிடாதீர்கள். வாழ்க்கைக்கு அர்த்தமில்லை என்ற 21-ஆம் கேள்விக்கு 2 அல்லது 3 சொன்னால், சாகத் தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள்; வீட்டிலுள்ள பூச்சிமருந்தை அன்றே அப்புறப்படுத்துங்கள்; 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை உடனே அழையுங்கள். இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.