அந்தப் பக்கத்தைப் புரட்டிவிடலாமா?

கேள்வி: என் மகளுக்கு ஆறு வயது. தினமும் தூங்கப்போகும் முன் கதை வாசித்துக் காட்டுவேன். யாராவது செத்துப்போகிற இடம் வந்தால் அந்தப் பக்கத்தை மட்டும் சத்தமில்லாமல் தள்ளிவிடுவேன். போன மாதம் அவள் தாத்தா இறந்தபோது 'தூங்குகிறார்' என்று சொல்லிச் சமாளித்தோம். இப்போது இரவானால் தூங்கவே பயப்படுகிறாள். சாவு வருகிற கதைகளை இந்த வயதில் வாசிக்கலாமா?

பதில்: கதைக்கு முன்னால் அந்தத் 'தூங்குகிறார்' விஷயத்தைச் சரிசெய்யுங்கள். தாத்தா தூங்கினார், எழுந்திருக்கவில்லை, நானும் தூங்கினால்? இப்படித்தான் அவள் கணக்குப் போட்டிருப்பாள், கணக்கு தப்பும் இல்லை. பக்கத்தில் உட்கார வைத்து, தாத்தா இறந்துவிட்டார், அது தூக்கம் கிடையாது, இறந்தவர்களுக்குப் பசிக்காது, வலிக்காது, அவர்கள் திரும்பி வரவும் மாட்டார்கள் என்று நேராகச் சொல்லுங்கள். தொண்டை அடைக்கும், அடைக்கட்டும், அழுதாலும் பரவாயில்லை. மூன்று, நான்கு வயதில் பல குழந்தைகள் செத்தவர் திரும்பி வருவார் என்றே நினைக்கும். பெரும்பாலும் ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள் அது மாறும். உங்கள் மகள் சரியாக அந்த இடத்தில்தான் நிற்கிறாள்.

சரி, கதைக்கு வருவோம். தாராளமாக வாசிக்கலாம். இ. பி. வைட் 1952-இல் எழுதிய 'சார்லட்ஸ் வெப்' நாவலில், வில்பர் என்கிற பன்றிக்குட்டியை வெட்டிவிடாமல் காப்பாற்ற, சார்லட் என்கிற சிலந்தி தன் வலையில் அவனைப் புகழ்ந்து வார்த்தைகளைப் பின்னுகிறது. கடைசியில் ஆள் போய்விட்ட கண்காட்சித் திடலில் தனியாகச் செத்துப்போகிறது. வைட் அதைப் பூசி மெழுகவில்லை. அதன் முட்டைப் பையை வில்பர் வாயில் வைத்துப் பத்திரமாகக் கொண்டுபோகிறான், உள்ளே 514 முட்டைகள். குஞ்சுகள் பொரிந்ததும் கிட்டத்தட்ட எல்லாம் காற்றில் பறந்துவிடுகின்றன, மூன்று மட்டும் அவனோடு தங்குகின்றன. அந்த மூன்றின் மேலும் அவனுக்குப் பிரியம்தான், ஆனால் சார்லட்டின் இடம் காலியாகவே இருக்கிறது. எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். பெரியவர்கள் 'அழாதே, வேற வாங்கித் தரேன்' என்போம், இந்தக் கதை அப்படிச் சொல்வதில்லை.

ஆறு வயதுக்கு முழுப் புத்தகம் கொஞ்சம் நீளம், நாளுக்கு ஓர் அத்தியாயமாக நீங்கள்தான் வாசிக்க வேண்டும். துக்கத்துக்கு மருந்து மாதிரியே எழுதப்பட்ட, பக்கத்துக்குப் பக்கம் ஆறுதல் சொல்லும் புத்தகங்கள் எனக்கு அலுப்பு. குழந்தைக்கும் அது சீக்கிரம் தெரிந்துவிடும். அப்புறம், வாசித்து முடித்த கையோடு 'என்ன புரிஞ்சுது?' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

இன்னொரு அம்மாவின் கேள்வி: சாவு வருகிற கதை ஒன்றை வாசித்தபோது என் மகன், 'நீயும் செத்துப்போவியா அம்மா?' என்று கேட்டுவிட்டான். வாயடைத்துப் போனேன். என்ன சொல்வது?

பதில்: 'ஆமாம், எல்லோரும் ஒருநாள் சாவோம், ஆனால் நான் ரொம்ப வருஷம் உன்கூட இருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்' என்று சொல்லுங்கள். 'சாகவே மாட்டேன்' என்று சத்தியம் செய்ய வேண்டாம். அவன் உண்மையில் கேட்பது, அப்போது என்னை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதைத்தான், அதனால் அப்பா, பாட்டி, மாமா என்று பேர் பேராகச் சொல்லிவிடுங்கள். நீங்கள் இன்னும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பீர்கள், அவன் 'நாளைக்கு லீவா?' என்று கேட்டுவிட்டு விளையாடப் போயிருப்பான். இரண்டு நாள் கழித்து அதே பக்கத்தைத் திரும்பவும் வாசிக்கச் சொல்வான். வாசியுங்கள்.