யாருக்கு எந்தக் கதவு? அலுவலகத் தொலைபேசி: கேள்வி-பதில்

எங்கள் அலுவலகத்தில் நாற்பது எக்ஸ்டென்ஷன்கள், அதாவது மேசைக்கு மேசை உள் எண் கொண்ட தொலைபேசிகள். மேலாளர்கள் ஐந்து பேருக்கு வெளியூர், வெளிநாட்டு அழைப்புகளைத் திறந்துவிட்டு, மற்றவர்களுக்கு உள் அழைப்பு மட்டும் போதும் என்கிறது நிர்வாகம். பதவி வாரியாகப் பட்டியல் போட்டுவிட்டேன். அலுவலக அழைப்புகளை இணைத்துத் தரும் பி.பி.எக்ஸ். பெட்டியில் அப்படியே பதியச் சொல்லலாமா?
— நிர்வாகப் பிரிவு உதவியாளர்

வேண்டாம் அம்மா. அந்தப் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, கடந்த மூன்று மாத அழைப்புப் பதிவை எடுத்துப் பாருங்கள். எந்த எக்ஸ்டென்ஷனிலிருந்து, எந்த எண்ணுக்கு, எத்தனை நிமிடம் என்று பெட்டியே குறித்து வைத்திருக்கும். நான் போன பல அலுவலகங்களில் அந்தப் பதிவு ஒரே கதையைத்தான் சொன்னது. பெரிய அறையில் இருக்கும் தொலைபேசியில் வெளிநாடு திறந்திருக்கும், ஆனால் மாதக்கணக்கில் அதை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். கிடங்கில் இருப்பவருக்கோ ஒரு நாளைக்கு இருபது முறை லாரி ஓட்டுநர்களிடம் பேச வேண்டியிருக்கும். பதவி பார்த்துத் தடை போட்டால் அவர் ஒவ்வொரு முறையும் மேலாளர் அறை வாசலில் நின்று, "ஒரு போன் செய்து கொள்ளட்டுமா சார்?" என்று கேட்க வேண்டும். வேலை செய்கிறவரை அப்படி நிற்க வைக்கும் அமைப்பை நான் பதிய மாட்டேன்.

வேலையைப் பார்த்துப் பிரியுங்கள். ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனுக்கும் ஓர் அழைப்பு வகுப்பு உண்டு. உள் அழைப்பு மட்டும், உள்ளூர், உள்நாடு முழுவதும், வெளிநாடு என நான்கைந்து படிகள் வைத்தால் போதும். பெட்டி பத்து வகுப்புகள் தருகிறது என்பதற்காகப் பத்தையும் நிரப்பாதீர்கள். ஒரு வருடம் கழித்து ஏழாவது வகுப்பு எதற்காகப் போட்டோம் என்று ஒருவருக்கும் நினைவிருக்காது.

பெரும்பாலான பெட்டிகளில் ஒவ்வொரு வகுப்புக்கும் தடைப் பட்டியல் ஒன்றும் விலக்குப் பட்டியல் ஒன்றும் இருக்கும். "இந்த எண்களில் தொடங்குவது போகக் கூடாது" என்பது முதலாவது. "ஆனால் இவை போகலாம்" என்பது இரண்டாவது. இங்கேதான் கவனம் வேண்டும். வெளிநாட்டுக்கான முன்னெண் எல்லா நாட்டிலும் ஒன்றல்ல. பல நாடுகளில் 00, வட அமெரிக்காவில் 011, ஆஸ்திரேலியாவில் 0011, ஜப்பானில் 010. எங்கோ பார்த்த மாதிரிப் பட்டியலை அப்படியே உங்கள் பெட்டியில் ஏற்றினால் கதவு திறந்தே கிடக்கும். வட அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு இன்னொரு பொறியும் உண்டு. ஜமைக்காவின் 876, டொமினிகன் குடியரசின் 809 போன்றவை 1 என்ற அதே நாட்டு எண்ணின் கீழ் வருகின்றன. அதனால் 011-ஐத் தடுத்தாலும் அவை சாதாரண வெளியூர் அழைப்பைப் போலப் போய்விடும், பில்லில் மட்டும் வெளிநாடாகத் திரும்பி வரும். தடுக்க வேண்டியவற்றைத் தேடித் தேடி எழுதுவதைவிட, போகலாம் என்பவற்றை மட்டும் எழுதி மற்ற எல்லாவற்றையும் மூடுவதே எனக்குப் பிடித்த முறை.

கிடங்குக்காரருக்கு நான் செய்து தருவது இதுதான். அவருடைய எக்ஸ்டென்ஷனை உள்ளூர் வகுப்பில் வைத்துவிட்டு, அவர் அழைக்கும் வெளியூர் எண்களைப் பெட்டியின் பொதுச் சுருக்க எண்களில் (சில இலக்கங்களை அழுத்தினாலே முழு எண்ணையும் பெட்டி அழைக்கும் வசதி) ஏற்றிவிடுவேன். பல பெட்டிகளில் பொதுச் சுருக்க எண் வழியாகப் போகும் அழைப்பு வகுப்புத் தடையைத் தாண்டிச் செல்லும்படி அமைக்கலாம். அவருக்கு லாரி கிடைக்கும், நிர்வாகத்துக்கும் நிம்மதி. எப்போதாவது ஒரு முறை வெளிநாட்டுக்குப் பேச வேண்டியவர்களுக்கு, ஆளுக்கொரு இரகசிய எண் கொடுங்கள். எந்த மேசையிலிருந்தும் அதை அழுத்தி அழைக்கலாம், கணக்கு அவர் பெயரில் ஏறும். ஒரே எண்ணை எல்லோருக்கும் கொடுத்தால் ஒரே வாரத்தில் அது அறிவிப்புப் பலகையில் இருக்கும்.

என் மேசைத் தொலைபேசி மணியே அடிப்பதில்லை. நான் மற்றவர்களை அழைக்க முடிகிறது. கருவியை மாற்ற வேண்டுமா?
— கணக்குப் பிரிவு ஊழியர்

மாற்ற வேண்டாம். 'தொந்தரவு செய்யாதே' பொத்தான் அழுந்தியிருக்கிறதா என்று பாருங்கள். கோப்பு ஒன்று அதன் மேல் உரசினாலே போதும். அது இல்லையென்றால், உங்களுக்கு முன் அந்த இடத்தில் இருந்தவர் அழைப்புகளை வேறு எக்ஸ்டென்ஷனுக்குத் திருப்பிவிட்டுப் போயிருக்கலாம். ரிசீவரை எடுத்ததும் டயல் டோன் விட்டுவிட்டு ஒலித்தால் ஏதோ ஒரு வசதி இயங்கிக்கொண்டிருக்கிறது என்று பல பெட்டிகள் அப்படித்தான் சொல்லும். இரண்டும் இல்லையென்றால் மணியின் ஒலியளவைக் கூட்டிப் பாருங்கள்.

வெளிநாட்டு அழைப்பு முழுவதையும் தடுத்திருக்கிறோம். ஆனாலும் ஒரு நீண்ட விடுமுறைக்குப் பிறகு வந்த பில்லில், கேள்விப்படாத நாடுகளுக்கு நூற்றுக்கணக்கான அழைப்புகள். அலுவலகம் பூட்டியிருந்தது. இரவுக் காவலர் மீது சந்தேகப்படுகிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை.
— பொது மேலாளரின் செயலர்

உங்கள் மனம் சரியாகவே சொல்கிறது. அவரைக் கேள்வி கேட்பதை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். பூட்டிய அலுவலகத்திலிருந்து விடுமுறை நாளில் இத்தனை அழைப்புகள் போவது, பெரும்பாலும் வெளியிலிருந்து பெட்டிக்குள் புகுந்தவர்களின் வேலை. பார்க்க ஆள் இல்லாத இரண்டு மூன்று நாள் வேண்டும் என்பதற்காகத்தான் விடுமுறையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பதிவில் ஒரே நேரத்தில் பத்து அழைப்புகள் ஓடியிருந்தால் அதையே அச்செடுத்து நிர்வாகத்திடம் காட்டுங்கள். ஒரு மனிதர் ஒரு ரிசீவரில் பத்துப் பேரிடம் பேச முடியாது.

எப்படிப் புகுந்தார்கள்? தடை என்பது எக்ஸ்டென்ஷனில் விரலால் அழுத்தும் எண்ணுக்குத்தான் போடப்பட்டிருக்கும். பெட்டி தானாக அழைக்கும் எண்ணுக்கு அதே தடை பொருந்துகிறதா என்று சோதித்திருக்க மாட்டார்கள். வாய்ஸ் மெயிலை எடுத்துக்கொள்ளுங்கள். யாரோ ஒருவருடைய பின் எண் 1234 ஆகவோ 0000 ஆகவோ, எக்ஸ்டென்ஷன் எண்ணாகவோ இருக்கும். வெளியிலிருந்து உங்கள் எண்ணுக்கு அழைத்து, அவருடைய வாய்ஸ் மெயில் பெட்டகத்தைத் திறந்து, வரும் அழைப்பை ஒரு வெளிநாட்டு எண்ணுக்குத் திருப்பிவிடும்படி அமைப்பார்கள். அப்புறம் உங்கள் அலுவலகத்தை அழைத்துக்கொண்டே இருந்தால் போதும். ஒவ்வொரு அழைப்பும் உங்கள் செலவில் வெளிநாடு போகும்.

இன்னொரு வழி, வெளியிலிருந்து அழைத்து டயல் டோன் வாங்கும் வசதி. பயணத்தில் இருக்கும் அதிகாரிக்காக என்றோ திறந்துவிட்டிருப்பார்கள். அந்த அதிகாரி ஓய்வு பெற்றுப் போயிருப்பார், வசதி மட்டும் திறந்தே இருக்கும். இணையம் வழி இயங்கும் பெட்டி என்றால் மூன்றாவது வழியும் உண்டு. இணைய அழைப்புகள் வழக்கமாக வந்து போகும் 5060 என்ற வாயிலை இணையத்தில் யார் வேண்டுமானாலும் தட்டலாம் என்று விட்டுவிட்டு, எக்ஸ்டென்ஷன் 201-க்குக் கடவுச்சொல்லும் 201 என்று வைத்திருந்தால், கணினி நிரல்கள் சில மணி நேரத்தில் அதைக் கண்டுபிடித்துவிடும்.

இன்றைக்கே செய்ய வேண்டியவை: வாய்ஸ் மெயில் பின் எண்கள் அனைத்தையும் மாற்றுங்கள், யாரும் பயன்படுத்தாத பெட்டகங்களை அழியுங்கள், வெளியெண்ணுக்குத் திருப்பும் உரிமையை எல்லோரிடமிருந்தும் எடுத்துவிட்டுக் கேட்டு வருபவருக்கு மட்டும் கொடுங்கள். வெளியிலிருந்து வந்த அழைப்பை மறுபடி வெளியே இணைக்கும் வசதி அவசியமில்லை என்றால் மூடிவிடுங்கள். வெளிநாடே தேவையில்லை என்றால் தொலைபேசி நிறுவனத்திடம் எழுதிக் கொடுத்து இணைப்பிலேயே தடை வாங்குங்கள். பெட்டிக்குள் எவர் புகுந்தாலும் அந்தத் தடையை அவர்களால் அவிழ்க்க முடியாது. பெட்டியை நிர்வகிக்கும் கடவுச்சொல், அது தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்ததாகவே இருக்கிறதா என்பதையும் பாருங்கள். நான் திறந்து பார்த்த பெட்டிகளில் பாதிக்கு மேல் அப்படித்தான் இருந்தன.

காவலரிடம் யாராவது ஒருவர் நேரில் போய் வருத்தம் தெரிவிக்க வேண்டும். அதைச் செயலராகிய நீங்கள் நிர்வாகத்துக்கு நினைவுபடுத்துங்கள்.

இரவு எட்டு மணிக்கு மேல் எல்லா எக்ஸ்டென்ஷன்களும் தானாக உள் அழைப்புக்கு மட்டும் மாறும்படி வைக்கப் போகிறோம். இதில் ஏதாவது சிக்கல் உண்டா?
— தொழிற்கூட மேற்பார்வையாளர்

உண்டு. இதற்கு என் சொந்த அனுபவத்திலிருந்தே பதில் சொல்கிறேன்.

தொழிலுக்கு வந்த மூன்றாவது வருடம், ஒரு தொழிற்கூடத்தில் இதே இரவு முறையை நானே அமைத்தேன். எட்டு மணிக்கு மேல் ஒரு அழைப்பும் வெளியே போகவில்லை. நிர்வாகம் பாராட்டியது. சில வாரங்களில் ஓர் இரவு, பொதி கட்டும் கூடத்தில் ஒருவர் மயங்கி விழுந்தார். காவலர் ஓடிப் போய் ரிசீவரை எடுத்து ஆம்புலன்ஸ் எண்ணை அழுத்தினார். பிஸி டோன். மறுபடி அழுத்தினார். பிஸி டோன். நான்காவது முறைக்குப் பிறகு வாசலுக்கு ஓடி, சாலையில் போன ஒரு வண்டியை மறித்து நிறுத்தி அவரை ஏற்றி அனுப்பினார். அவர் பிழைத்துக்கொண்டார். மறுநாள் போய் இரவு வகுப்பின் விலக்குப் பட்டியலைத் திறந்து பார்த்தேன். ஒரு வரிகூட இல்லை. அதை எழுதியிருக்க வேண்டியவன் நான்.

அன்றிலிருந்து எந்தப் பெட்டியைத் தொட்டாலும் முதல் வேலையாக விலக்குப் பட்டியலில் அவசர எண்களை எழுதுகிறேன். தடைகள் அதற்குப் பிறகுதான். பகல் வகுப்பு, இரவு வகுப்பு, பூட்டிய எக்ஸ்டென்ஷன், படிக்கட்டில் தொங்கும் தொலைபேசி, எதுவானாலும் 112, 911, 999 என்று அந்த நாட்டில் எது அவசர எண்ணோ அது போக வேண்டும்.

எழுதினால் மட்டும் போதாது, முன்னெண் சிக்கலும் இருக்கிறது. வெளி லைன் எடுக்க 9 அல்லது 0 அழுத்த வேண்டும் என்பது தினமும் அங்கே இருப்பவருக்குத் தெரியும். பதற்றத்தில் இருப்பவருக்கும் புதிதாக வந்தவருக்கும் அது நினைவுக்கு வராது. 2013 டிசம்பரில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு விடுதி அறையில், தன் தாய் தாக்கப்படுவதைக் கண்ட ஒன்பது வயதுச் சிறுமி 911-ஐ நான்கு முறை அழுத்தினாள். முதலில் 9 அழுத்தி வெளி லைன் எடுக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாது. அழைப்பு போகவே இல்லை. தாய் இறந்துவிட்டார். அந்தத் தாயின் பெயரால் 2018-இல் அங்கே கேரி சட்டம் வந்தது. 2020 பிப்ரவரிக்குப் பிறகு நிறுவப்படும் பல-இணைப்புத் தொலைபேசி அமைப்புகளில் முன்னெண் இல்லாமலே 911 போக வேண்டும், அப்படிப் போகும்போது வரவேற்பு மேசை போன்ற ஓரிடத்துக்குத் தகவலும் வர வேண்டும் என்கிறது அது. உங்கள் நாட்டில் இப்படிச் சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரண்டையும் செய்யுங்கள். முன்னெண்ணோடு அழுத்தினாலும், இல்லாமல் அழுத்தினாலும் போக வேண்டும். அவசர எண் 9-இல் தொடங்கும் இடங்களில், வெளி லைனுக்கும் 9 வைத்தால் தவறுதலாக அவசரச் சேவைக்கு அழைப்புகள் போகும். அங்கே வெளி லைனுக்கு 8 வைப்பது நல்லது.

எங்கள் இயக்குநர் வெளியே போகும்போது தன் எக்ஸ்டென்ஷனை அலைபேசிக்குத் திருப்பிவிடுகிறார். அவர் எடுக்காதபோது, வாடிக்கையாளரின் செய்தி அவருடைய சொந்த அலைபேசியின் வாய்ஸ் மெயிலில் போய் விழுகிறது. நான் எப்படி எடுப்பது?
— வரவேற்பாளர்

இப்போதைக்கு உங்களால் எடுக்க முடியாது. அலைபேசியின் வாய்ஸ் மெயில் அழைப்பை ஏற்றவுடன், பதில் கிடைத்துவிட்டது என்று உங்கள் பெட்டி நினைத்துக்கொள்கிறது. எல்லா அழைப்பையும் திருப்பும் முறையை விட்டு, மேசையிலும் அலைபேசியிலும் ஒரே நேரத்தில் மணி அடிக்கும் முறைக்கு அவரை மாற்றுங்கள். மணி அடிக்கும் நேரத்தை, அலைபேசியின் வாய்ஸ் மெயில் எடுப்பதற்கு ஐந்து விநாடி முன்பே முடியும்படி குறையுங்கள். அலைபேசி இருபத்தைந்து விநாடியில் எடுக்கிறது என்றால் பெட்டியில் இருபது. அதற்குப் பிறகு அழைப்பு உங்கள் மேசைக்குத் திரும்ப வேண்டும், அலுவலக வாய்ஸ் மெயில் கடைசியில்தான். யாராவது ஒரு மனிதக் குரல் கேட்கத்தான் அவர்கள் அழைக்கிறார்கள்.

அலைபேசியை எடுப்பவரிடம் "1 அழுத்தினால் ஏற்கலாம்" என்று கேட்கும்படி அமைக்கும் வசதி உங்கள் பெட்டியில் இருந்தால் இன்னும் நல்லது. வாய்ஸ் மெயிலால் 1 அழுத்த முடியாது.

ஒன்றை மட்டும் இயக்குநரிடம் சொல்லிவையுங்கள். வெளியிலிருந்து வந்து வெளியே போகும் ஒவ்வொரு அழைப்பும் இரண்டு லைன்களைப் பிடித்துக்கொள்ளும். உங்களிடம் நான்கே லைன்கள் இருந்தால், அவர் அலைபேசியில் பேசிக்கொண்டிருக்கும் வரை மற்ற எல்லோருக்கும் மிஞ்சுவது இரண்டு. காலை பதினொரு மணிக்கும் மதியம் ஒரு மணிக்கும் இடையில் வாடிக்கையாளர்கள் "உங்கள் எண் எப்போதும் பிஸி" என்று குறைப்பட்டால், முதலில் இந்தத் திருப்பலைத்தான் பாருங்கள்.