பென்ஸுங்கறது ஊரு பேரா, ஆளு பேரா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல திருப்பூர் கல்யாண மண்டபத்து வாசல்ல வரிசையா நின்ன பென்ஸ் கார்களைப் பத்தி ரெண்டே ரெண்டு வரி எழுதினேனுங்க, அவ்வளவுதான், இந்த தடவை வந்த கேள்வியில முக்காவாசி அந்த ஒரு கம்பெனியைப் பத்தித்தான். அதனால ரேஷன் கார்டு, நெஞ்சு சளி, மருமக சண்டை கேள்வி எல்லாம் அடுத்த இதழுக்கு.

பென்ஸுங்கறது ஆளு பேரா ஊரு பேரா? அப்ப மெர்சிடிஸ்னா என்ன?
– காங்கேயம் வாசகர்

ஆளு பேருதானுங்க. கார்ல் பென்ஸுனு ஜெர்மனியில மான்ஹைம் ஊருக்காரர். 1886 ஜனவரி 29ந் தேதி மூணு சக்கர மோட்டார் வண்டிக்குப் பேட்டன்ட் போட்டார், நம்பர் 37435. எஞ்சின் பவர் எவ்வளவுங்கறீங்க, முக்கால் ஹெச்.பி., உங்க கெணத்துல ஓடற அஞ்சு ஹெச்.பி. மோட்டார் அதைப் பாத்தா சிரிச்சுப்போடும். அதே சமயத்துல ஒரு நூறு கிலோமீட்டர் தள்ளி கான்ஸ்டாட்டுல காட்லீப் டைம்லர்னு ஒருத்தர், கூட மேபாக்னு அவரோட வலது கை, அவங்க தனியா வேற வண்டி செஞ்சுக்கிட்டு இருந்தாங்க. பென்ஸும் டைம்லரும் ஒருத்தரை ஒருத்தர் நேர்ல பாத்துப் பேசினதே இல்லைனு சொல்லுவாங்க. ரெண்டு கம்பெனியும் ஒண்ணு சேந்தது 1926ல, டைம்லர் செத்து இருபத்தாறு வருசம் கழிச்சு.

மெர்சிடிஸ்ங்கறது ஒரு பொண்ணு பேரு. பிரான்ஸ்ல நீஸ் ஊர்ல எமில் யெல்லினெக்னு ஒரு வியாபாரி, டைம்லர் வண்டியை வாங்கி பணக்காரங்களுக்கு விக்கறவர், வேகப் பைத்தியம், 'எனக்கு இன்னும் தாழ்வா, இன்னும் பவரா வண்டி வேணும், 36 வண்டி எடுத்துக்கறேன், ஆனா எம்பொண்ணு பேரை வெக்கோணும்'னு கண்டிசன் போட்டார். மேபாக் டிசைன் பண்ண அந்த 35 ஹெச்.பி. வண்டி 1901ல நீஸ் ரேஸ்ல மத்ததை எல்லாம் பின்னாடி தள்ளிடுச்சு, அடுத்த வருசமே மெர்சிடிஸ்ங்கற பேரைப் பதிவே பண்ணிட்டாங்க. அப்புறம் அந்த மனுசன் தன் பேருக்குப் பின்னாலயும் மெர்சிடிஸ்னு சேத்துக்கிட்டார்னா பாத்துக்கோங்க. சங்ககிரி பக்கம் லாரி நெத்தியில பொண்ணு பேரை எழுதி வெக்கறாங்கல்ல, அதேதானுங்க இது, என்ன ஒண்ணு, இவங்க பொண்ணு பேரு உலகம் பூரா போயிடுச்சு.

உலகத்துல முதல்ல கார் ஓட்டினதே ஒரு பொம்பளைனு படிச்சேன். லைசென்ஸ் எடுத்து நாலு வருசம் ஆச்சு, எங்க வீட்டுல சாவி குடுக்க மாட்டேங்கறாங்க. அந்தக் கதையைக் கொஞ்சம் விவரமா எழுதுங்கண்ணா, படிச்சுக் காட்டோணும்.
– பல்லடம் வாசகி

முதல்ல ஓட்டினது அவங்க புருசன் கார்ல் பென்ஸ்தான் அம்மிணி, ஆனா அவர் ஓட்டினது எல்லாம் ஊருக்குள்ளாறயே. தூரமா முதல்ல கொண்டு போனது பெர்தா பென்ஸ். இவங்களைப் பத்தி எவ்வளவு சொன்னாலும் தகும், ஏன்னா கல்யாணத்துக்கு முன்னாடியே தனக்கு வரவேண்டிய சீர் பணத்தை வாங்கி கார்ல் பென்ஸோட பட்டறையில போட்டு, கூட்டாளியைக் கழட்டி உட வெச்சது இவங்கதான். அன்னிக்கு அந்தப் பணம் வரலைனா பட்டறையே கை மாறியிருக்கும்.

வண்டி செஞ்சாச்சு, பேட்டன்ட்டும் வாங்கியாச்சு, ஒருத்தரும் வாங்கலை. கார்ல் பென்ஸ் ஒரு மாதிரி கூச்ச சுபாவம், இன்னும் சரி பண்ணோணும் இன்னும் சரி பண்ணோணும்னே உக்காந்திருந்தார். 1888 ஆகஸ்ட்ல ஒரு நாள் விடியக்காலம் அவரு தூங்கிட்டு இருக்கறப்பவே இந்தம்மா பெரிய பசங்க ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டு, சொல்லாம கொள்ளாம வண்டியை எடுத்துக்கிட்டு அம்மா வீட்டுக்குக் கெளம்பிட்டாங்க. மான்ஹைம்ல இருந்து ஃபோர்ஸைம், நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல, நம்ம கணக்குல கோயமுத்தூர்ல இருந்து ஈரோடு. பெட்ரோல் பங்க்குங்கறதே கெடையாது. வீஸ்லோக்குனு ஒரு ஊர்ல மருந்துக்கடையில துணிக் கறை எடுக்கற திரவம் வாங்கி ஊத்தினாங்க, அதனால அந்த மருந்துக்கடையைத்தான் உலகத்தோட முதல் பெட்ரோல் பங்க்குனு சொல்றாங்க. எண்ணெய் வர்ற குழாய் அடைச்சுக்கிட்டப்ப தொப்பியில குத்தற ஊசியை எடுத்துக் குத்தி உட்டாங்க. ஒயர் உரசினதுக்கு காலுறைப் பட்டையைச் சுத்தினாங்க. மேட்டுல பசங்க எறங்கித் தள்ளினாங்க, பள்ளத்துல மரக்கட்டை பிரேக் தேஞ்சு போச்சு, வழியில ஒரு செருப்புத் தைக்கறவரைப் பிடிச்சு தோல் அடிச்சுக்கிட்டாங்க, பிரேக் லைனிங் அப்படித்தான் ஆரம்பிச்சதுனு சொல்லலாம். பொழுது எறங்கி ஊர் போய்ச் சேந்து புருசனுக்கு ஒரு தந்தி.

திரும்பி வந்ததும் 'மேடு ஏற இன்னொரு கியர் வேணும்'னு சொல்ல, அவரும் வெச்சார். டெஸ்ட் டிரைவ்ங்கறது இதுதானே. பேட்டன்ட்டுல அவங்க பேரு இல்லைங்கறது வேற கதை. இதைப் படிச்சுக் காட்டியும் சாவி வரலைனா, விடியக்காலம்ங்கறதை மனசுல வெச்சுக்கோங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க.

எங்க தாத்தா அந்தக் காலத்துல பென்ஸ் லாரி ஓட்டினேன்ங்கறார். பென்ஸாவது லாரியாவது, கதை உடறாரா?
– சங்ககிரி வாசகர்

ஏனுங்க, தாத்தா கால்ல உழுந்து மன்னிப்புக் கேளுங்க மொதல்ல. நம்ம சீமையில பென்ஸுங்கற பேரு கார்ல வரலை, லாரியிலதான் வந்துச்சு.

1954ல டாடாவோட டெல்கோ கம்பெனியும் டைம்லர்-பென்ஸும் ஒப்பந்தம் போட்டு ஜாம்ஷெட்பூர்ல லாரி செய்ய ஆரம்பிச்சாங்க. டாடா மெர்சிடிஸ் பென்ஸ். முன்னாடி அந்த மூணு முனை ஸ்டாரோடவே வந்துச்சு. அதுக்கு முன்னால இங்க ஓடினது ஃபார்கோ, டாட்ஜ், பெட்ஃபோர்டு, பலதும் பெட்ரோல் குடிக்கற வண்டி. இது ஆறு சிலிண்டர் டீசல். பெட்ரோலுக்கும் டீசலுக்கும் இருந்த வெலை வித்தியாசத்துல ஒரு நடைக்கு மிச்சம் நின்ன காசுதான் நம்ம ஆளுகளை இந்தப் பக்கம் திருப்பினது, வேற ஒரு பெருமையும் இல்லை. மானாவாரி நெலத்துல மழையை நம்பி ஓஞ்சு போன குடும்பங்க தோட்டத்தை அடமானம் வெச்சு ஒரு சேஸிஸ் எடுத்து, நாமக்கல்ல கொண்டு போய் பாடி கட்டி, அண்ணன் டிரைவர் தம்பி கிளீனர்னு கல்கத்தா வரைக்கும் போய் வந்தாங்க.

எங்க அப்பிச்சியும் அதுல ஒருத்தர். செகண்ட் ஹேண்ட்ல ஒரு வண்டி வெச்சிருந்தார், காலையில ஸ்டார்ட் பண்ணினா நாலு வீடு தள்ளி ஆத்தா 'பென்ஸு கெளம்பிடுச்சு, காப்பி வை'ம்பாங்க. அந்த ஒப்பந்தம் பதினஞ்சு வருசம். 1969ல முடிஞ்சதும் டாடாக்காரங்க ஸ்டாரை எடுத்துட்டு தங்களோட எழுத்தைப் போட்டாங்க. ஆனா பேரு போகலையே. ஸ்டார் இல்லாத வண்டியையும் ஊர்ல பென்ஸுனுதான் கூப்புட்டாங்க, அப்பிச்சி சாகற வரைக்கும் டாடாங்கற சொல்லு அவர் வாயில வரவே இல்லை. நம்பர் வெக்கற முறை கூட அங்க இருந்து வந்ததுதான். 1210னா ஏறக்குறைய 12 டன், 100 ஹெச்.பி. 1613னா 16 டன், 130 ஹெச்.பி. இதை எந்த இன்ஜினியரும் எனக்குச் சொல்லலை, பவானி பக்கம் ஒரு டீக்கடையில ஒரு டிரைவரண்ணன் சொன்னது.

இன்னொண்ணு தெரியுங்களா, நாம டெம்போ டெம்போங்கறமே, அதுவே ஹாம்பர்க்ல இருந்த ஒரு ஜெர்மன் கம்பெனி வண்டியோட பேரு. பஜாஜ் டெம்போனு பூனாக்காரங்க அந்த மூணு சக்கர வண்டியை இங்க செஞ்சாங்க, அப்புறம் எந்தச் சின்ன சரக்கு வண்டி வந்தாலும் நமக்கு டெம்போ ஆயிடுச்சு. அந்த ஹாம்பர்க் கம்பெனியும் கடைசியில பென்ஸ் கைக்கே போச்சு. பழனிக்குப் போறப்ப ஒறம்பரை எல்லாம் ஏறிப் போற டெம்போ டிராவலர் கூட பென்ஸோட ஒரு வேன் டிசைன்ல இருந்து வந்ததுதான். ஆகமொத்தம் பென்ஸுல போகாத குடும்பமே இங்க இல்லைங்க, தெரியாமப் போயிருப்பாங்க.

என்ன அடிச்சுச் சொன்னாலும் அம்பாசிடர் இரும்பு மாதிரி வருமா? போன மாசம் அவினாசி ரோட்ல ஒரு பென்ஸ் இடிச்சு முன்னாடி அப்பளமா நொறுங்கிக் கெடந்துச்சே!
– சூலூர் வாசகர்

உள்ள இருந்தவர் எந்திரிச்சு நடந்து போனாரா இல்லையா, அதைச் சொல்லுங்க மொதல்ல. நொறுங்கறதுக்குத்தானுங்க அது செஞ்சது. பேலா பாரெனினு பென்ஸ்ல ஒரு இன்ஜினியர் இருந்தார், 1951ல ஒரு பேட்டன்ட் போட்டார். ஆளு உக்கார்ற நடுப் பெட்டி கெட்டியா இருக்கோணும், முன்னும் பின்னும் கசங்கோணும், கசங்கறப்ப இடியோட வேகத்தை அந்தத் தகரம் வாங்கிக்கும். வண்டி கசங்கலைனா இடி நேரா நெஞ்சுக்குத்தான் வரும். 1959ல அந்த முறையில கார் ரோட்டுக்கே வந்துடுச்சு. இன்னிக்கு எல்லாக் கம்பெனியும் செய்யறது அதுதான். சடார்னு பிரேக் அடிச்சாலும் சக்கரம் பூட்டிக்காம பாத்துக்கற ஏ.பி.எஸ். பிரேக்கை 1978ல பாஷ் கம்பெனியோட சேந்து எஸ்-கிளாஸ் கார்ல கொண்டு வந்ததும் இவங்கதான். பேரு சும்மா வரலைங்க.

எல்லாரும் புகழ்ந்துக்கிட்டே இருக்கீங்க, ஹிட்லர் போனது எந்தக் கார்ல? கறையே இல்லாத கம்பெனியா?
– கோபி கல்லூரி மாணவர்

நல்லாக் கேட்ட கண்ணு. பென்ஸ்லதான் போனான். அது பெரிய விசயமில்லை, ராஜா எல்லாக் கார்லயும் ஏறுவான். பெரிய விசயம் பேக்டரிக்குள்ள நடந்தது. 1944ல அந்தக் கம்பெனியில வேலை செஞ்சவங்கள்ல பாதிக்குப் பக்கத்துல கட்டாயமாப் பிடிச்சுட்டு வந்தவங்க, போர்க் கைதிங்க, முகாம் கைதிங்க. கம்பெனியே இதை ஒத்துக்கிட்டு தன் வரலாறுல எழுதி வெச்சிருக்குது, பின்னாடி நஷ்டஈடும் குடுத்தாங்க. குடுத்தா சரியாப் போச்சானு என்னைக் கேக்காத.

அதுக்கப்புறமும் சறுக்கல் உண்டு. 1997ல புது ஏ-கிளாஸை ஸ்வீடன் பத்திரிகைக்காரங்க காட்டுமான் குறுக்க வந்தா எப்படி ஒடிக்கறதுங்கற டெஸ்ட்டுல ஓட்டிப் பாத்தாங்க, குப்புனு கவுந்துடுச்சு. வித்த வண்டியைத் திரும்ப வரவெச்சு, வண்டி தடுமாறாம பாத்துக்கற ஈ.எஸ்.பி. மாட்டித் தந்தாங்க, அந்த அவமானத்தாலதான் சின்னக் கார்லயும் அந்த வசதி வந்துச்சு. 2016ல லாரி வெலையை மத்த கம்பெனிகளோட பேசி வெச்சு ஏத்தினதுக்கு ஐரோப்பாவுல நூறு கோடி யூரோவுக்கு மேல அபராதம். 2020ல டீசல் கார் புகையை டெஸ்ட்டுல கம்மியாக் காட்டினாங்கங்கற விவகாரத்துல அமெரிக்க அரசுக்கு 150 கோடி டாலர் கட்ட ஒத்துக்கிட்டாங்க. லாரி டீசல்ல சம்பாரிச்ச பேரை கார் டீசல்லயே கெடுத்துக்கிட்டாங்கனு எனக்கு ஒரு வருத்தம் உண்டு.

பாரத்பென்ஸும் பென்ஸும் ஒண்ணா?
– திருச்செங்கோடு போர்வெல் ரிக் வண்டிக்காரர்

ஒரே குடும்பம், இப்ப தனிக்குடித்தனம். சென்னைக்குப் பக்கத்துல ஒரகடத்துல பேக்டரி போட்டு 2012ல பாரத்பென்ஸ்ங்கற பேர்ல லாரி கொண்டு வந்தாங்க. 2021 டிசம்பர்ல லாரி கம்பெனி தனியா, கார் கம்பெனி தனியாப் பிரிஞ்சுடுச்சு. உங்க ரிக்கு டைம்லர் டிரக் சொத்து.

பனியன் ஜாப் ஒர்க் பண்றேன். பத்து வருசப் பழைய பென்ஸ் ஒண்ணு புது ஐ-20 வெலைக்கு வருது. எடுக்கட்டுமா? பார்ட்டி பாக்கறப்ப மதிப்பா இருக்கும்ல?
– திருப்பூர் வாசகர்

வெலை கம்மியா வர்றதுக்குக் காரணம் வாங்கின பின்னாடி தெரியும். வண்டி வெலைதான் ஐ-20, ஸ்பேர் வெலை பென்ஸ் வெலைதான், அது பழசாகறதே இல்லை. எனக்குத் தெரிஞ்ச ஒரு மாப்பிள்ளை இப்படித்தான் ஒண்ணு எடுத்தாப்ல, ஏர் சஸ்பென்ஷன் வண்டி, ராத்திரி நல்லா நின்னது காலையில எருமை படுத்தாப்ல படுத்துக் கெடந்துச்சு, அதைத் தூக்கி நிறுத்தின செலவுல ரெண்டு தையல் மெசின் வாங்கியிருக்கலாம். எடுக்கறதா இருந்தா ராத்திரி நிறுத்தி காலையில போய் உயரம் பாருங்க, சர்வீஸ் ரெக்கார்டு முழுசா கேளுங்க, ஸ்கேனர் போடத் தெரிஞ்ச ஆளைக் கூட்டிட்டுப் போங்க, லோன் முடிஞ்ச பேங்க் என்.ஓ.சி. இல்லாம அட்வான்ஸ் குடுக்காதீங்க. வருசா வருசம் செலவுக்குனு ஒரு தொகையைத் தனியா எடுத்து வெக்க முடியும்னா எடுங்க.

மதிப்புங்கறீங்களே, உங்க பார்ட்டி பாக்கறது டெலிவரி தேதியை. கார் நம்பரைப் பாத்து அவங்களும் வருசம் கண்டுபிடிச்சுருவாங்க.

பழைய கார்களை எங்க போய்ப் பாக்கலாம்?
– பொள்ளாச்சி வாசகி

கோயமுத்தூர் அவினாசி ரோட்ல ஜி.டி. நாயுடு குடும்பத்தாரோட கார் மியூசியம் இருக்குதுங்க. குழந்தைகளைக் கூட்டிட்டுப் போங்க, அரை நாள் வேணும்.

இவ்வளவு பேசறீங்களே, நீங்க என்ன கார் வெச்சிருக்கீங்க?
– ஈரோடு வாசகர்

ஒரு பழைய மாருதி, ரெண்டு பக்கமும் கீறல், ஏ.சி. மனசு வெச்சா வரும். பென்ஸ் ஸ்டார் மட்டும் எங்க சொந்தத்துல ஒண்ணு இருக்குது. அப்பிச்சி லாரியை ஒடைக்கக் குடுத்தப்ப முன்னாடி இருந்ததைக் கழட்டி வெச்சுக்கிட்டார், இப்ப எங்க மாமன் வீட்டு அட்டாலியில பித்தளை அண்டாவுக்குள்ள கெடக்குது. மூணு வருசமா கேட்டுக்கிட்டு இருக்கேன், 'அதை வெச்சு நீ என்ன பண்ணப்போற, மாருதியில மாட்டப்போறயா'ங்கறார்.